அடியில் மிஞ்சியது

"அடியில மிஞ்சுனதையும் ஒருக்கா போலாரிமீட்டர்ல பாத்துரட்டுங்களா சார்?" என்று அந்த மாணவி கேட்டாள். "ரெண்டுக்கும் ஆவியழுத்தம் ஒண்ணுதான் அம்மணி, கழுவி வெச்சிரு" என்றேன். நான் சொன்ன அந்த ஒரு வரி ஆறு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் செய்த பொருளைப் பதங்கமாக்கித் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்தோம், அதாவது திண்மத்தைச் சூடாக்கி, உருகாமலே ஆவியாக்கி, குளிர்ந்த இடத்தில் மீண்டும் படியவைப்பது. அவள் கேட்ட போலாரிமீட்டர், ஒரு பொருள் ஒளியை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி. உள்ளே குளிர்நீர் ஓடும் கண்ணாடிக் குழாயின் மீது மெல்லிய வெள்ளை ஊசிகள் படிந்திருந்தன. அடியில் இருந்தது பழுப்பேறிய மாவு போலக் கிடந்தது. பழுப்பாக இருந்ததால் அதைக் கசடு என்று எண்ணிவிட்டேன். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை போலும். நான் சொன்ன பிறகும் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

நான் சொன்னது பாடநூலில் உள்ளதுதான். ஆடி பிம்பங்களாக அமைந்த இரு மூலக்கூறுகளுக்கும் உருகுநிலை, கொதிநிலை, ஆவியழுத்தம் யாவும் ஒன்றே. இயற்பியல் பண்புகளில், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை வலமாகவோ இடமாகவோ திருப்பும் திசை மட்டுமே வேறு. வகுப்பில் இதை எப்போதும் சூடத்தைக் காட்டியே விளக்கி வந்திருக்கிறேன். மரத்திலிருந்து எடுக்கும் கற்பூரம் வலஞ்சுழி. டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வதில் பெரும்பாலும் வலமும் இடமும் சரிபாதி. பேரூர் கோயில் கடையில் வாங்கிய சூடம் அப்படிச் சரிபாதியாக இருந்தால், அதைச் சூடாக்கும்போது மேலே படிவதும் சரிபாதி, கீழே நிற்பதும் சரிபாதி. சரிபாதிக் கலவையை வெறும் பதங்கமாதலால் பிரிக்க முடியாது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஆனால் அவள் கையில் இருந்தது சரிபாதிக் கலவை அல்ல. ஒரு பக்கம் கூடுதலாக விளையும்படி வினையூக்கி இட்டுச் செய்த ஹைட்ராக்சி அமிலம் அது. எவ்வளவு கூடுதல் என்பதுதான் அவளுடைய ஆய்வின் கேள்வியே. அத்தகைய கலவை படிகமாகும்போது, பெரும்பாலான சேர்மங்களில், இடத்து மாட்டையும் வலத்து மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டியது போல இடமும் வலமும் இணைந்து ஒருவகைப் படிகமாகின்றன. இணை கிடைக்காத மிச்சம் தனிப் படிகமாக நிற்கிறது. இவை வெவ்வேறு திண்மங்கள். இதுவும் ஒரு ஹைட்ராக்சி அமிலமான மாண்டலிக் அமிலத்தில், ஒரு பக்கம் மட்டுமே உள்ள தனிவகை 132 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். சரிபாதிக் கலவையோ 120-ஐ ஒட்டியே உருகிவிடும். உருகுவதில் இவ்வளவு வேறுபடுபவை ஆவியாவதில் மட்டும் ஒன்றுபோல நடந்துகொள்ளும் என்று நான் எப்படி நம்பினேன்? பாதி ஏறியதும் நிறுத்திவிட்டால், மேலே உள்ள விகிதமும் கீழே உள்ள விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மாண்டலிக் அமிலத்திலேயே இதைக் கண்டு, தூய்மைப்படுத்துவதாக எண்ணி விகிதத்தை மாற்றிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை 1977-லேயே அச்சாகியிருக்கிறது. 2007-இல் நெதர்லாந்தில் வேதியியலர் ஃபெரிங்காவின் குழுவினர், அமினோ அமிலங்களில் ஒரு பக்கத்துக்கு இருந்த சிறு மிகை பதங்கமாதலால் பெருகுவதைக் காட்டி, உயிர்களின் அமினோ அமிலங்கள் ஒரே பக்கமாக அமைந்ததற்கு இதுவும் ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்றனர். அவ்வளவு பெரிய கேள்வியைத் தொடும் ஒரு நிகழ்வு எங்கள் மேசை மீதும் நடந்திருக்கலாம். அதை அசிட்டோன் விட்டுக் கழுவச் சொன்னவன் நான்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. பதங்கமாக்கும் முன் அந்தப் பொருளின் கரைசல் அடர் பழுப்பாக இருந்தது. ஒளி ஊடுருவாததால் போலாரிமீட்டரில் எதுவும் தெரியவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள்கூட இல்லை, வினையூக்கியும் தீர்ந்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் அன்று என் மனத்தில் ஓடியவையா, பிறகு நான் சேர்த்துக்கொண்டவையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடியில் இருந்ததைக் கழுவாமல் ஒரு புட்டியில் போட்டு வைக்க ஐந்து நிமிடம் போதும்.

மேலே படிந்ததில் மிகை, அதாவது ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடுதலாக இருந்த அளவு, 68 விழுக்காடு. அந்த எண்ணே வினையூக்கியின் திறனாக ஆய்வேட்டில் ஏறியது. மேலே 230 மில்லிகிராம், கீழே 150. கீழே உள்ளதும் 68 என்றால் சிக்கலில்லை. அது 30 ஆக இருந்திருந்தால் மொத்தக் கலவையின் மிகை 53 தான். 80 ஆக இருந்திருந்தால் 73, அதாவது அவளுடைய உழைப்பை நான் குறைத்துக் காட்டியிருக்கிறேன். பின்னொரு விடுமுறையில் மாண்டலிக் அமிலத்தை வாங்கி, ஒரு பக்கம் மிகையாகக் கலந்து, பாதி வரை பதங்கமாக்கிப் பார்த்தேன். மேலும் கீழும் இரு வேறு எண்கள் வந்தன. அதனால் அவளுடைய அமிலத்தைப் பற்றி எதுவும் நிறுவப்பட்டுவிடவில்லை.

அவள் இப்போது பெருந்துறையில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஈரோடு பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, "நம்ம லேப் எப்படியிருக்குதுங்க சார்?" என்று கேட்டாள். புதிய பம்ப் வாங்கியதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு வீண் கவலை என்று அப்போது தோன்றியது. கவலை யாருக்கு என்று பேருந்து கிளம்பிய பிறகுதான் யோசித்தேன்.

அவளுடைய குறிப்பேடு என் அலமாரியில் இருக்கிறது. கழுவுவதற்கு முன் நான் சொல்லாமலேயே எடை போட்டிருக்கிறாள். மேலே சொன்ன 150 அங்கிருந்து எடுத்ததுதான். அதற்கு எதிரே ஒளிச்சுழற்சிக்கென்று கோடு போட்டு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே "எச்சம் கழுவப்பட்டது" என்று எழுதியிருக்கிறாள். யார் சொல்லிக் கழுவினாள் என்பதை எழுதவில்லை.