எடை குறைந்தது, டெட்லிஃப்ட் குறையவில்லை

எடையைக் குறைப்பது பெரிய விஷயமே இல்லை. ராத்திரிச் சோற்றை நிறுத்தினால் யாருக்கும் குறையும். குறைவது கொழுப்பா, தசையா என்பதுதான் பிரச்சனை. நான் ஆரம்பித்தபோது 84 கிலோ, இடுப்பு 98 செ.மீ. (நம் ஊர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே தொப்பைக் கணக்கில் வரும்). ஏற்கெனவே ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்ததால், பாடுபட்டு ஏற்றிய தசையைத் தொப்பையோடு சேர்த்துப் பறிகொடுக்க மனசில்லை.

எடை ஏறாமல் இறங்காமல் நிற்க எனக்குச் சுமார் 2,400 கலோரி வேண்டும். அதில் 400 மட்டும் குறைத்தேன். இன்னும் குறைத்தால் சீக்கிரம் இளைக்கலாம்தான், ஆனால் கம்பியைத் தூக்கத் தெம்பு இருக்காது, தசையும் கரையும். புரோட்டீன் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது நாளுக்கு 130-க்குக் கொஞ்சம் மேல். நம் சாப்பாட்டில் இது லேசில் வராது. நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினால் அதிகம், சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் காலையில் தோசையைக் குறைத்து மூன்று முழு முட்டையும் மூன்று வெள்ளைக்கருவும், மதியம் ஒரு கப் சோற்றோடு 150 கிராம் சிக்கன் அல்லது மத்தி மீன், ராத்திரி மீல்மேக்கர் (காய்ந்த நிலையில் 50 கிராம் போட்டால் 26 கிராம் புரோட்டீன், இந்த விலைக்கு வேறெதுவும் கிட்ட வராது), அப்புறம் ஒரு ஸ்கூப் வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பொடி), தயிர்.

சோற்றைவிட என்னை அசர வைத்தது எண்ணெய். ஒரு நாள் தோசை வார்க்கும் முன்னும் பின்னும் எண்ணெய்த் தூக்கைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று தோசைக்கு 28 கிராம் போயிருந்தது! கிராமுக்கு 9 கலோரி என்றால் 250. நான் குறைக்க நினைத்த 400-ல் பாதிக்கு மேல் கல்லிலேயே போய்விட்டது. நான்ஸ்டிக் கல் வாங்கி, துணியில் தொட்டுத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டோம். அம்மாவுக்கு அது தோசையே இல்லை.

ஜிம்மில் ஆளாளுக்குச் சொன்னது, "வெயிட்டைக் கம்மி பண்ணு, ரெப்ஸைக் கூட்டு, அப்பதான் கட் விழும்." (ரெப் என்றால் ஒரு தடவை தூக்கி இறக்குவது, கட் என்றால் தசைக் கோடு தெரிவது.) நான் கேட்கவில்லை. தின்பது குறையும்போது தசையை விட்டுவைக்க உடம்புக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணமே கனமான வெயிட்தான். அதையும் எடுத்துவிட்டால் எப்படி? செட்களை, அதாவது தொடர்ந்து தூக்கும் சுற்றுகளை, குறைத்தேன், கம்பியில் இருந்த வெயிட்டில் கை வைக்கவில்லை. 100 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது), ஐந்து ரெப். எடை இறங்கியும் இந்த ஐந்து நிற்கிறதென்றால் தசை பெரும்பாலும் பத்திரம் என்று வைத்துக்கொண்டேன். ஓட்டம் கிடையாது, சாயங்காலம் நடை மட்டும்.

முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கியது. அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து குறைந்தால் தசையில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனும் அதோடு தங்கிய நீரும் போய்விடும். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் அது பாதி திரும்பியும் வந்தது. அதனால் தினம் பார்த்தாலும் வாரச் சராசரியைத்தான் நம்பினேன், கூடவே தொப்புள் மட்டத்தில் டேப்பும்.

80-க்குக் கீழே வந்ததும் தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி "சுகரா தம்பி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா தன் பங்குக்கு, "கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சுடா, ரெண்டு வாய் சேர்த்துப் போட்டுக்கோ."

78-ல் வந்து நின்றது. தூக்கம் கெட்டு, டெட்லிஃப்டில் நாலாவது ரெப்புக்கே மூச்சு முட்டியது. இன்னும் குறைக்காமல் இரண்டு வாரம் பழையபடி 2,400-க்கே சாப்பிட்டேன், பெரும்பாலும் சோறாக. ஐந்தாவது ரெப் திரும்பி வந்தது, மறுபடி குறைத்தபோது எடையும் இறங்கியது. இப்போது 76, இடுப்பு 88. குறைத்த கலோரியை வாரத்துக்கு நூறு நூறாகத் திருப்பிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் நூறு மதியச் சோற்றுக்குப் போய்விட்டது.