ஆடுகிற பல்லும் ஞானப்பல்லும்

அம்மாவின் கீழ்க் கடைவாய்ப்பல் ஆடுகிறது. சொத்தையே இல்லாத பல். எக்ஸ்ரேயில் வேரை ஒட்டிக் கறுப்பாக ஒரு பள்ளம், ஈறு நோயில் அந்த இடத்து எலும்பு கரைந்துவிட்டதாம், கரைந்தது தானாக வளராதாம். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது, அதில் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், இருப்பதை 2004-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில், ஞானப்பல் மாதிரி தேவைப்படாத ஒரு பல்லை நோயாளியிடமிருந்தே பிடுங்கி, அதன் வேரில் ஒட்டியிருக்கும் சவ்விலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார்கள். வளர்க்கிற தட்டுதான் அதிசயம்! 37 டிகிரியில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் குளிர வைத்தால் வெந்த தோசை கல்லை விட்டுக் கிளம்புகிற மாதிரி ஒரே ஏடாகக் கழன்று வந்துவிடும். அப்படி மூன்று ஏடுகளை அடுக்கி, சுத்தம் செய்த வேரின் மேல் போர்த்தி, பள்ளத்தில் கால்சியம் பாஸ்பேட் துகள்களை நிரப்பித் தைத்துவிடுகிறார்கள்.

10 பேருக்குச் செய்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு உயர்ந்திருக்கிறது, பெரிய பக்கவிளைவு இல்லை. ஆனால் பத்தே பேர், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. அதனால் ஸ்டெம் செல் என்று விளம்பரம் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள், ப்ளீஸ்.

அம்மாவுக்கு வியாழக்கிழமை வேர் வரைக்கும் சுத்தம் செய்யப் போகிறார்கள். அந்தப் பல்லை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும்.