மட்டை விழுந்தது ஒரு நொடி, ஸ்கேனுக்கு அலைந்தது ஆறு வாரம்

நெகமம் பக்கத்தில் எங்கள் தோப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொட்டுநீர்க் குழாய் அடைப்பை எடுக்கக் குனிந்திருந்தேன். காய்ந்த தென்னை மட்டை ஒன்று, அடிப்பாகம் முன்னால் வர, பின்தலையில் இறங்கியது. அடுத்த சில நிமிடங்கள் இன்றுவரை எனக்கு நினைவில்லை. "மோட்டாரை நிறுத்தியாயிற்றா?" என்று ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டேனாம். நான்காவது முறைதான் அம்மா பயந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்து மாமனைக் கூப்பிட்டிருக்கிறார்.

பொள்ளாச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்தது. எலும்பு முறிவு இல்லை, ரத்தக்கசிவு இல்லை. திங்கள் மதியம்வரை கண்காணிப்பில் வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதுவரை எந்தக் குறையும் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் தாளில் கிளாஸ்கோ அளவுகோல் 15-க்கு 15 என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாங்காத முழு மதிப்பெண். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகியவற்றை வைத்து நினைவுநிலைக்குக் கொடுக்கும் மதிப்பெண் அது. 1974-இல் கிளாஸ்கோவில் உருவாக்கியது. 13 முதல் 15 வரை இருந்தால் லேசான தலைக்காயம். இந்த 'லேசான' என்ற சொல்தான் என்னைப் படுத்தியெடுத்தது.

நான் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் டர்னர். பம்பு ஷாஃப்ட் கடைவது வேலை. ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுப் போனேன். லேத் ஓடும் சத்தம், பதினெட்டு வருடமாகக் காதில் விழுந்தும் விழாத சத்தம், மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. வெர்னியரைப் பார்த்தால் கோடுகள் நீந்தின. ஒரே நாளில் 11 ஷாஃப்ட் ரிஜெக்ட். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனாலும் கேட்டார்: "ஸ்கேன் நார்மல் என்றால் தலையும் நார்மல்தானே தம்பி?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. நடிக்கிறேன் என்று நினைக்கிறாரோ என்ற சந்தேகம் தலைவலியைவிட அதிகமாக வலித்தது.

எனவே மூன்று வாரம் கழித்து அவினாசி சாலையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். உண்மையைச் சொன்னால், நான் போனது சிகிச்சைக்கு மட்டுமல்ல, சாட்சிக்கும்தான். சூப்பர்வைசர் மேஜையில் வைக்க ஒரு படம் வேண்டும்.

அதற்குள் என் மச்சான் இணையத்தில் தேடி, டி.டி.ஐ. என்ற ஒன்று எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று சொல்லியிருந்தான். மூளையின் நரம்பு இழைகளை ஒட்டி நீர் எந்தத் திசையில் ஊர்கிறது என்பதை அளந்து, இழைகளை வண்ண வண்ணமாக வரைந்து காட்டும் எம்.ஆர்.ஐ. முறை அது. படம் மயில்தோகை மாதிரி அழகாக இருக்கும். அதையே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். கோபம் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார்: இழை சீராக இருக்கிறதா என்பதற்குப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண் வரும். அடிபட்ட ஒரு கூட்டத்தையும் அடிபடாத ஒரு கூட்டத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஆராய்ச்சிக்கு அது பெரிய உதவி. ஆனால் வயதுக்கு வயது, இயந்திரத்துக்கு இயந்திரம் அந்த எண் மாறும். தனி ஓர் ஆளின் எண்ணை மட்டும் வைத்து, இது அடியால் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

எனக்கு அது பட்டறை பாஷையில் புரிந்தது. டிராயிங்கில் அளவே போடாமல் ஜாப்பைக் கொடுத்தால், மைக்ரோமீட்டர் எத்தனை துல்லியமாகக் காட்டினால்தான் என்ன? பாஸா ரிஜெக்டா என்று யார் சொல்வது?

அவர் எழுதியது எம்.ஆர்.ஐ., கூடவே அதே இயந்திரத்தில் எடுக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற இன்னொரு முறை. சி.டி.யில் தெரியாத மிகச் சிறிய ரத்தக்கசிவு இருந்தால், ரத்தத்திலிருந்து தங்கிப்போன இரும்பு காந்தப் புலத்தைக் கலைக்கும். அந்த இடம் கறுப்புப் புள்ளியாக, உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். "இதுவும் நார்மலாக வர வாய்ப்பு அதிகம், இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். நான் அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கவே இல்லை.

இனிமேல்தான் அலைச்சல்.

ஸ்கேன் மையத்துக்கு முதல் முறை ஒரு வியாழக்கிழமை மாலை, அரை நாள் சம்பளம் போக. பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் தகடு, ஸ்க்ரூ உண்டா என்று படிவம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டேன். உள்ளே டெக்னீஷியன் பையன் சும்மா கேட்பதுபோல் கேட்டான்: "என்ன வேலைங்கண்ணா?" லேத் என்றேன். அவன் முகம் மாறியது. "கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்து எடுத்திருக்கிறார்களா?" மூன்று வருடத்துக்கு முன்னால் கிரைண்டரில் டூல் தீட்டும்போது விழுந்ததை ஒரு கண் மருத்துவர் எடுத்திருந்தார். அவ்வளவுதான், ஸ்கேன் நின்றது. துகள் ஏதாவது மிச்சமிருந்தால் காந்தம் அதை இழுத்து, கண்ணுக்குள் கிழித்துவிடலாம். முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று தெரிய வேண்டும். அந்த மையத்தில் எக்ஸ்ரே ஐந்து மணியோடு சரி. மணி ஐந்தே கால்.

அன்றைக்குப் பையனைத் திட்டிக்கொண்டே வந்தேன். இப்போது நினைத்தால் அந்த மையத்தில் வேலையைச் சரியாகச் செய்தவன் அவன் ஒருவன்தான். நம் கோவையில் லேத், கிரைண்டிங், வெல்டிங் என்று பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்! நேரம் வாங்கப் போன் செய்யும்போதே வேலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நீங்களாகச் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேவை முதல் நாளே எடுத்துவிடுங்கள். எனக்கு 350 ரூபாயில் முடிந்தது.

இரண்டாவது முறை போனபோது தாயத்துப் பிரச்சினை. அடிபட்டதும் அம்மா மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் வந்து, அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்துக் கட்டியிருந்தார். கழற்ற வேண்டும் என்றார்கள். முடிச்சு அவிழாமல் கடைசியில் கத்தரிக்கோல். அம்மாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை. பிறகு குழாய்க்குள் இருபது நிமிடம். காதில் பஞ்சு வைத்தும் தடதடவென்று பவர் பிரஸ்ஸுக்கு அடியில் படுத்த மாதிரி. சத்தம் ஆகாத தலைக்கு அது தண்டனைதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு போவது பற்றி முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்தது. இயல்பு. 6,500 ரூபாய். குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், அவர் கணினியில் குறுந்தகடு போடும் இடமே இல்லை. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "எஸ்.டபிள்யூ.ஐ. எங்கே?" என்றார்.

எடுக்கவே இல்லை! பில் போட்ட பெண், சீட்டில் இருந்ததை விட்டுவிட்டு 'எம்.ஆர்.ஐ. பிரெயின் பிளெயின்' என்று தட்டியிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் பில்லைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் என்னென்ன முறையில் எடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். 'இயல்பு' என்ற முடிவுக்கு ஓடாமல் அந்த வரியை முதலில் படியுங்கள். கேட்டது அதில் இல்லை என்றால் கவுண்டரைவிட்டு நகராதீர்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது, இன்னொரு முழுத் தொகை கட்டச் சொன்னார்கள். சீட்டில் அப்படி எழுதவே இல்லை என்று அந்தப் பெண் சாதித்தார். அசல் சீட்டு அவர்களிடமே இருந்தது. தேட முடியாது என்றார். என் கைப்பேசியில் சீட்டின் படம் இருந்தது. உக்கடம் பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது மச்சானுக்கு அனுப்ப எடுத்தது. மேலாளர் முன்னால் அதை நீட்டினேன். பணம் வேண்டாம், நாளை காலை ஆறரைக்கு வாருங்கள் என்றார். அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி.

மூன்றாவது முறை எஸ்.டபிள்யூ.ஐ. எடுத்தார்கள். ஒரு புள்ளி இல்லை. சுத்தம்.

சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? மனைவி கும்பிட்டாள். நான் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு கறுப்புப் புள்ளியாவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் நினைத்தேன்.

மருத்துவரிடம் அதையும் சொல்லிவிட்டேன். சிரித்தார். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் கன்கஷனை, அதாவது மூளை அதிர்வை, நிரூபிக்க எடுப்பவையே அல்ல, கண்டுபிடித்தே ஆக வேண்டிய வேறு கோளாறுகள் இல்லை என்று உறுதிசெய்யத்தான் என்றார். நடந்தது என்ன, நினைவு தப்பியதா, இப்போது என்ன தொந்தரவு என்று கேட்டு, நடக்கவைத்து, கண்ணசைவு பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்களாம். அம்மா சொன்ன அந்த மோட்டார் கேள்வியைத்தான் அவர் ஃபைலில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். நான் ஸ்கேனில் தேடிய சாட்சி, நான்கு முறை பதில் சொல்லி அலுத்துப்போன அம்மாதான்.

பிறகு லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார்: மூளை அதிர்வு, ஸ்கேன் இயல்பாக இருப்பது இதை மறுக்காது, இரண்டு வாரம் அரை ஷிப்ட், காதடைப்பான் கட்டாயம், தலைசுற்றல் நிற்கும்வரை பைக் வேண்டாம். சூப்பர்வைசர் அதை இரண்டு முறை படித்தார். "இதை முதலிலேயே வாங்கி வந்திருக்கலாமே தம்பி" என்றார். கேட்டால் அன்றே கிடைத்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

என்னைப் பார்த்து, சி.டி. இயல்பு என்றால் வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் பலமிழப்பது, கண்மணி ஒன்று பெரிதாவது, இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வாரங்கள் கழித்துக்கூட தலைக்குள் மெல்ல ரத்தம் சேரலாம் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

கடைசியாகக் காப்பீடு. சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் எனக்கு இ.எஸ்.ஐ. இல்லை, கம்பெனி எடுத்துத் தந்த குழுக் காப்பீடு. வெளிநோயாளி ஸ்கேனுக்குப் பணம் வராது என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். என் மனைவி பாலிசியை ஓர் இரவு உட்கார்ந்து படித்து, "நீங்கள் பொள்ளாச்சியில் ஒரு நாள் முழுக்க இருந்தீர்கள் இல்லையா?" என்று கேட்டாள். 24 மணி நேரத்துக்கு மேல் அனுமதிக்கப்பட்டிருந்தால், டிஸ்சார்ஜ் ஆன 60 நாளுக்குள் அதே காரணத்துக்காக ஆகும் செலவையும் கேட்கலாம் என்று எங்கள் பாலிசியில் இருந்தது. உங்களுடையதில் நாள் கணக்கு வேறாக இருக்கலாம், பாருங்கள். அசல் சீட்டு வேண்டும் என்றார்கள். அது ஸ்கேன் மையத்தின் ஏதோ ஒரு மூட்டையில். மருத்துவர் மறுபடி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

போன வாரம் பணம் வந்தது. 350 ரூபாய் குறைவாக. தலைக்காயத்துக்கும் கண் எக்ஸ்ரேவுக்கும் சம்பந்தமில்லையாம். நான்கு பக்கத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன், நாளை தபாலில் போகிறது.