ரெண்டு வைரஸ், ரெண்டு வைரல் லோடு, நடுவுல நான் சாப்பிட்ட அல்வா

எச்.ஐ.வி.க்கு டி.எல்.டி. மாத்திரை ஆறு வருஷமா ஓடுது, அதுல தொல்லை இல்ல. பாலியல் தொழில்ல இருக்கற மத்த பொண்ணுங்களுக்கு வழிகாட்டற பியர் எஜுகேட்டரா வேற இருக்கேன், டெஸ்ட் எடுங்கடின்னு ஊருக்கே பாடம் நடத்தறவ. என்னையே அலைய விட்டாங்க பாருங்க.

கேம்ப்ல விரல்ல குத்தி பாத்ததுல லிவர தாக்கற ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ். அது ஆன்டிபாடி மட்டும்தான், அதாவது வைரஸ எதிர்த்து உடம்பு உண்டாக்கினது, இப்ப உடம்புல வைரஸ் இருக்கான்னு வைரல் லோடு எடுத்தாதான் தெரியும். 2018ல வந்த அரசு திட்டத்துல டெஸ்ட், மாத்திரை எல்லாம் ஃப்ரீ. சரின்னு பெரியாஸ்பத்திரிக்கு போனா கவுன்டர்ல "வைரல் லோடு ரிப்போர்ட் இருக்கா?" பையில இருந்த ஏ.ஆர்.டி. ரிப்போர்ட்ட, அதான் எச்.ஐ.வி. சிகிச்சை சென்டர்ல குடுத்தத, நீட்டிட்டேன். "வைரஸ் இல்லன்னுதானே போட்டிருக்கு, கிளம்பும்மா"ன்னுட்டாரு. நானும் சந்தோஷத்துல அரை கிலோ அல்வா வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன். எனக்கு குடுத்த அல்வா அதுதான்னு அப்ப தெரியல.

ஒன்றரை மாசம் கழிச்சு ஏ.ஆர்.டி. கவுன்சிலர் அக்காதான் தலைல அடிச்சுக்கிட்டாங்க, "ஏம்மா, இது எச்.ஐ.வி.யோட வைரல் லோடு, சி-க்கு தனியா எடுக்கணும்."

மறுபடி அதே கவுன்டர். "எச்.ஐ.வி. கேஸா, அங்கயே போய் பாத்துக்க"ன்னு வரிசையே திரும்பற மாதிரி ஒரு சத்தம். காது சுட்டுச்சு. எச்.ஐ.வி.ன்னு சொல்லி வைத்தியம் மறுக்கக் கூடாதுங்கற 2017 எச்.ஐ.வி. சட்டம் ட்ரெய்னிங்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு, "பாக்க மாட்டோம்னு எழுதி குடுங்க சார்"னேன். எழுதல, ஓ.பி. சீட்டு வந்துச்சு! இத குறிச்சு வச்சுக்கோங்க.

டாக்டர் நல்லவரு. தொழில்லதான் வந்துச்சான்னு கேட்டேன், சி முக்கியமா ரத்தம் வழியாதான் பரவும், ஊசி, பச்சை ஏதாவது உண்டான்னாரு. திருவிழால நாலு பேரு ஒரே ஊசில பச்சை குத்திக்கிட்டது அப்பதான் உறைச்சுது. எச்.ஐ.வி.யும் சேர்ந்தா லிவர் சீக்கிரம் கெடுமாம், அந்த ஒன்றரை மாசத்த நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

சி-க்கு சோஃபோஸ்புவிர், டக்லாடஸ்விர்னு ரெண்டு மாத்திரை, 84 நாள், முடிஞ்சுது. ஏ.ஆர்.டி.ய நிறுத்தாதீங்க, ஆனா என்ன மாத்திரைன்னு கண்டிப்பா சொல்லுங்க, பழைய எச்.ஐ.வி. மாத்திரை எஃபாவிரென்ஸ் எடுக்கறவங்களுக்கு டக்லாடஸ்விர் டோஸே வேற. ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டும் முன்னாடியே பாத்துடணும்.

முடிஞ்சு 12 வாரம் கழிச்சு எடுத்ததுல வைரஸ் இல்ல. ஆன்டிபாடி மட்டும் போகாது, போன மாசம் கேம்ப்ல மறுபடி கோடு விழுந்துச்சு, குத்தின புதுப் பொண்ணு மூஞ்சி வாடிப்போச்சு. பையிலேர்ந்து ரிப்போர்ட்ட எடுத்தேன், சி-யோடதுதானான்னு ரெண்டு தடவ பாத்துட்டுதான் நீட்டினேன்.