போர்குண்ட் மரக்கோயில்: முதலில் குனிந்து பாருங்கள்

போர்குண்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அடுக்கடுக்காக ஏறும் கூரை, முகடுகளில் வாய்பிளந்து நிற்கும் டிராகன் தலைகள், சிலுவைகள் என்று கண் மேலேதான் போகும். ஆனால் இந்த மரக்கோயில் எண்ணூறு வருடங்களைத் தாண்டி நிற்பதற்கான காரணம் தரையோரம் இருக்கிறது.

நார்வேயின் மேற்கே லேர்டால் பள்ளத்தாக்கில், இ16 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது போர்குண்ட். கட்டிய மரங்களில் சில 1180-81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். கோயில் புனித அந்திரேயாவுடையது. நம்மூர்க் கத்தோலிக்கர் பெலவேந்திரர் என்பார்களே, அவர்தான்.

அதற்கு முந்தைய மரக்கோயில்களில் தூணை நேரே மண்ணில் குழிதோண்டி நட்டார்கள். ஈரம் ஏறி அடி இற்றுப்போனது. அடி போனால் கூரையும் போயிற்று. பிறகு வந்த தச்சர்கள் தரையில் கல் பரப்பி, அதன்மேல் கனத்த அடிச்சட்டங்களைக் கிடத்தி, தூண்களை அந்தச் சட்டத்தின் மேல் நிறுத்தினார்கள். மண்ணுக்கும் மரத்துக்கும் தொடர்பே இல்லை. வெளிச்சுற்றின் சட்டம் கல்மேல் உட்கார்ந்திருப்பதை வெளியே நின்றே பார்க்கலாம். சுவர்ப்பலகைகள் செங்குத்தானவை. ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், போகும்; மேல்நுனியும் கீழ்நுனியும் சட்டங்களின் காடிக்குள் செருகியிருக்கும். இணைப்புகளை இறுக்குவது மர ஆணி. எல்லாம் வைரம் பாய்ந்த பைன் மரம்.

உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. மேலே சின்னச் சின்ன வட்டத் துளைகள் வழியாக வருவதுதான் வெளிச்சம். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். பிற்காலத்தில் வைத்த பெரிய ஜன்னல்களையும் பெஞ்சுகளையும் மாடங்களையும் 19-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் எடுத்துவிட்டார்கள். அது நல்ல முடிவு என்பேன். இந்த இருட்டுதான் இங்கே பாதி ஜெபம். கண் தெளிந்ததும் தூண்களுக்கிடையே பெருக்கல் குறிபோல மாட்டியிருக்கும் முட்டுச் சட்டங்களைப் பாருங்கள். அந்திரேயாவின் சிலுவையும் இதே வடிவம்தான். அவருக்காகச் செய்தது என்று சொல்லத் தோன்றும், ஆனால் வேறு சில மரக்கோயில்களிலும் இந்த முட்டு உண்டு. காற்றில் தூண்கள் சாயாமல் பிடிப்பதே இதன் வேலை. மூலைகளில் வளைந்த முட்டுகளும் இருக்கின்றன. அடிமரம் வேரோடு சேரும் இடத்தில் இயற்கையாக வளைந்த கட்டையைத் தேடி வெட்டியவை அவை. வளைவு நெடுக நார் அறுபடாமல் ஓடுவதால் பிளக்காது.

பீடத்துப் படம் 1654-ஐச் சேர்ந்தது. நடுவில் சிலுவைக் காட்சி. பிரசங்க மேடை அதற்கும் ஒரு நூற்றாண்டு பழசு. பக்கத்தில் புதுக்கோயில் 1868-இல் வந்தபின் இங்கே வழக்கமான வழிபாடு நின்றுவிட்டது. 1877-இல் நார்வேயின் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் இதை வாங்கியது. மெழுகுவத்தி ஏற்றும் எண்ணத்தோடு போகாதீர்கள். 1992-இல் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரக்கோயிலைத் தீவைத்து எரித்துவிட்டார்கள். நார்வேயில் மிஞ்சியிருக்கும் இடைக்கால மரக்கோயில்கள் 28 மட்டுமே. நெருப்பென்றால் பயப்படுவது நியாயம்தான்.

வெளியே வந்தால் தார் வாசனை. இது சாலைத் தார் இல்லை. பிசின் மிகுந்த பைன் வேரையும் அடிக்கட்டையையும் மண்மூடிக் காற்றை மட்டுப்படுத்திப் புகையவிட்டு வடித்தது. காய்ந்த நாளில் சூடாக்கிப் பூசுவார்கள். தெற்குப் பக்கத்தில் வெயில் அதை இளக்கி வழியவிடும், மரம் வெளுத்துப் பழுப்பாகும். வடக்குப் பக்கம் கரேலென்று இருக்கும். அதனால் தெற்குப் பக்கத்துக்கு அடிக்கடி பூச வேண்டியிருக்கிறது. வெயில் நாளில் சுவரில் சாயாதீர்கள், சட்டையில் ஒட்டினால் போகாது.

நுழைவுச்சீட்டு பார்வையாளர் மையத்தில் கிடைக்கும்; கோடைப் பருவத்தில் போவது நல்லது. தனியாக நிற்கும் மணிக்கூண்டையும் விட்டுவிடாதீர்கள், அது 13-ஆம் நூற்றாண்டு.

கிளம்புமுன் மேற்கு வாசலுக்குத் திரும்பி வாருங்கள். ஒன்றையொன்று கடிக்கும் டிராகன்களும் கொடிகளும் செதுக்கிய நிலை அது. அந்த வாசற்பக்கத்து மரத்தில் ரூன் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்துக் கீறல்கள் உண்டு. ஒன்று ‘ஆவே மரியா’. இன்னொன்றைக் கீறியவன் தோரிர். நார்வேயின் புனிதர் ஓலாவின் திருநாளுக்கு, அதாவது ஜூலை 29-க்கு, முந்தைய மாலை இவ்வழியே போனானாம். விதியை நெய்யும் நோர்ன் தேவதைகள் நல்லதும் செய்தார்கள், கெட்டதும் செய்தார்கள், எனக்குப் பெரும்பாடு வைத்தார்கள் என்று கோயில் மரத்திலேயே முறையிட்டிருக்கிறான்.