சராசரி 130 ஃபிரேம் இருந்தும் திக்கிய கணினி: ரைசர் கேபிளைப் பிடித்த கதை

புதிதாகக் கட்டிய சிறு பெட்டிக் கணினி ஒருவழியாக ஒழுங்காக ஓடத் தொடங்கியிருக்கிறது. ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலி, ஆர்டிஎக்ஸ் 5080 கிராஃபிக்ஸ் கார்டு, 6000 வேகத்தில் 32 ஜிபி டிடிஆர்5 நினைவகம், 850 வாட் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை, மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு (இரண்டுமே சிறு பெட்டிகளுக்கான அளவு), இவை எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் சாண்ட்விச் வகைப் பெட்டி, எதிரே 1440பி, 165 ஹெர்ட்ஸ் திரை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறை மேசையில் முழு உயரப் பெட்டி ஒன்றை வைக்க இடமில்லாததால்தான் இந்தச் சின்னப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்விலேயே சிக்கல் ஒளிந்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

சைபர்பங்க் 2077 விளையாட்டின் உட்சோதனையை ஓடவிட்டால் விநாடிக்குச் சராசரி 130 ஃபிரேமுக்கு மேல் காட்டியது. 3டிமார்க் என்ற வேகச் சோதனை நிரலின் மதிப்பெண்ணும் இதே கார்டு வைத்திருக்கும் மற்றவர்களுடைய மதிப்பெண்ணை ஒட்டியே இருந்தது. ஆனால் விளையாட்டில் வரும் நைட் சிட்டியின் நெடுஞ்சாலையில் காரை விரட்டினால், சில விநாடிகளுக்கு ஒருமுறை படம் அப்படியே நின்று பிறகு துள்ளியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், "மாமா, இவ்வளவு காசு போட்டும் வளைவுல ஏன் இழுக்குது?" என்று கேட்டான். ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் கொண்டு பதிவு செய்து பார்த்தபோது அவன் சொன்னது எண்ணிலும் தெரிந்தது: பெரும்பாலான ஃபிரேம்கள் 7, 8 மில்லி விநாடியில் முடிகின்றன, இடையிடையே ஒன்று மட்டும் 60 மில்லி விநாடியைத் தாண்டுகிறது, மிக மெதுவான ஒரு விழுக்காட்டு ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் ஒன் பர்சென்ட் லோ 40ஐ ஒட்டிக் கிடக்கிறது. விமர்சனக் காணொளிகளில் இன்னமும் சராசரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுகிறவர்கள் மீது எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வழக்கமான சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்தேன். நினைவகத்தை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ சுயவிவரம் இயங்குகிறது; கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒருசேர எட்ட உதவும் ரீசைசபிள் பார் இயங்குகிறது; டிரைவரை அடியோடு நீக்கும் டிடியூ நிரல் கொண்டு டிரைவரைத் துடைத்து மறுபடி நிறுவியும் மாற்றமில்லை; விண்டோஸ் 11இன் மெமரி இன்டக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தபோது சராசரி சற்று ஏறியதே தவிரத் திக்கல் அப்படியே இருந்தது; ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்களை) தொகுப்பதால் வரும் திக்கல் ஒரே சாலையில் மீண்டும் ஓட்டும்போது குறைந்திருக்க வேண்டும், அதுவும் குறையவில்லை. ஐடிஎக்ஸ் போர்டில் நினைவகத்துக்கு இரண்டே இடங்கள்தான் என்பதால், தவறான இடத்தில் செருகியிருப்போமோ என்ற கவலைக்கும் இடமில்லை.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் யாரிடம் இந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் வரும் பதில் "ஏர்கான் போட்டு ஓட்டிப் பார்" என்பதுதான். பகலில் 31, 32 பாகை இருக்கும் அறையில், சின்னப் பெட்டிக்குள் 360 வாட் வரை இழுக்கும் கார்டை அடைத்து வைத்திருக்கும்போது அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் வெப்பநிலை முதலியவற்றைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் செயலி 78 பாகை, கார்டு 72 பாகை என்றுதான் காட்டியது. 9800எக்ஸ்3டியின் எல்லை 95 பாகை. வேகம் குறைந்ததற்கான அறிகுறி எங்கும் இல்லை. ஏர்கானை 23இல் வைத்து அறையைக் குளிர வைத்த பிறகும் அதே திக்கல் அதே அளவில் வந்ததால், வெப்பத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

மிஞ்சியது ரைசர் கேபிள். சாண்ட்விச் பெட்டிகளில் மதர்போர்டின் முதுகோடு முதுகாகக் கார்டு நிற்பதால், இரண்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள் ஒன்று பெட்டியுடனேயே வருகிறது. என் பெட்டியில் வந்தது பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டையும் போர்டையும் இணைக்கும் தரவுப் பாதை) 4.0 தரத்துக்கு உரியது. கார்டும் போர்டுமோ 5.0 தரம். இந்தப் பொருத்தமின்மை எனக்கு முன்பே தெரியும் என்பதால் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியூ-இசட்டைத் திறந்து இணைப்பின் வேகத்தைத்தான் முதலில் பார்த்திருந்தேன். சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1.1 என்று இறங்கிக் கிடக்கும் எண், அதிலேயே இருக்கும் சிறு சோதனையை ஓட்டி வேலை கொடுத்ததும் 16 தரவுத் தடங்கள், 5.0 என்று ஏறி நின்றது. முழு அகலம், முழு வேகம். அந்த ஒரு வரியைப் பார்த்து ரைசரை விடுவிப்பவர்கள்தான் அதிகம். எந்த வேகத்தில் ஓடுவது என்று இரு முனைகளும் ஒப்புக்கொண்டன என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. அந்த வேகத்தில் அனுப்பப்படும் தரவு பழுதின்றிப் போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்வதில்லை.

இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. பெறும் முனையில் அந்த எண் பொருந்தாவிட்டால் அது பொட்டலத்தை ஏற்காது; பதிவுத் தபாலுக்கு ஒப்புகை வராதபோது மீண்டும் அனுப்புவதைப் போல, அனுப்பிய முனை தன் கையிருப்பிலிருந்து அதையே மறுபடி அனுப்பும். இதனால் திரையில் படம் சிதைவதில்லை, விளையாட்டு முறிந்து வெளியேறுவதுமில்லை, காலம் மட்டும் தாமதமாகிறது. ஒரு மறு அனுப்பல் யார் கண்ணுக்கும் தெரியாத அளவு சிறியது. ஆனால் அடுத்தடுத்து நான்கு முறை அனுப்பியும் போய்ச் சேராவிட்டால் இணைப்பே தன்னை மீண்டும் பயிற்றுவித்துக்கொள்ள, அதாவது இரு முனைகளும் புதிதாக ஒத்திசைந்துகொள்ளத் தொடங்கும்; அது முடியும் வரை எதுவும் நகராது. நகரச் சாலையில் வேகமாகப் போகும்போது புதிய காட்சித் தரவுகள் இடைவிடாமல் கார்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கின்றன என்பதால், திக்கல் ஏன் அங்கே மட்டும் தெரிந்தது, ஒரே இடத்தில் சுற்றும் சோதனைகளில் ஏன் தெரியவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை ஊகமாக விடாமல் எண்ணிப் பார்க்க முடியும் என்பதே எனக்குப் பிடித்த பகுதி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'வீயா லாகர்' என்ற பெயரில் 17ஆம் எண் எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. திருத்தப்பட்ட வன்பொருள் பிழை என்று அவை சொல்கின்றன. ஹெச்டபிள்யூ இன்ஃபோவின் கடைசியில் அதே பிழைகளைக் கூட்டிக் காட்டும் ஒரு வரி உண்டு. இவற்றைவிடத் துல்லியமானது என்விடியா டிரைவருடனேயே வரும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளை நிரல். அதில் முழு விவரத்தைக் கேட்டால், பிசிஐ பகுதியில் கடைசி மீட்டமைப்புக்குப் பிறகு எத்தனை மறு அனுப்பல்கள் நடந்தன என்பதும், அவற்றில் எத்தனை நான்கைத் தாண்டிச் சுற்றின என்பதும் இரண்டு வரிகளாக இருக்கும். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டியவை. என் கணினியில் முதல் வரி நான் காரை ஓட்ட ஓட்ட ஏறிக்கொண்டே போனது.

பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, சத்தே குத்தும் மூங்கில் குச்சியின் மழுங்கிய முனையால் கேபிளின் வளைவை மெல்ல அழுத்திப் பார்த்தேன். மூங்கில் மின்சாரத்தைக் கடத்தாது, விரல்கள் விசிறிக்கு எட்டாத தூரத்திலும் இருக்கும். வெள்ளி நிறக் கவசத் தாள் சுற்றிய அந்தப் பட்டை, கார்டின் செருகியை ஒட்டிய இடத்தில் மடித்த காகிதத்தின் விளிம்பைப் போலக் கூர்மையாகத் திரும்பியிருந்தது. சரியாக அந்த மடிப்பில் அழுத்தும்போதெல்லாம் எண்ணிக்கை குபீரென்று ஏறியது; கேபிளின் நடுப்பகுதியில் எவ்வளவு அழுத்தினாலும் எண் அசையவில்லை.

உறுதிப்படுத்துவதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். போர்டை அதன் அட்டைப் பெட்டி மீது கிடத்தி, கார்டை நேரடியாகச் செருகி, அது சரியாமல் இருக்கத் தடித்த புத்தகங்களை முட்டுக் கொடுத்து, எஸ்எஃப்எக்ஸ் கம்பிகள் குட்டையானவை என்பதால் பவர் சப்ளையையும் கழற்றி அருகே வைக்க வேண்டியிருந்தது. கார்டின் மின்செருகி முழுமையாக உள்ளே போயிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக்கொண்டேன். அந்த வேலையில் அவசரம் கூடாது. ரைசர் இல்லாமல் 5.0 வேகத்தில் அதே சாலையில் அதே காரை ஓட்டியபோது இரண்டு எண்களும் சுழியத்திலேயே நின்றன; ஒன் பர்சென்ட் லோ 98. அதற்கு மேல் வழக்கு நடத்த ஒன்றுமில்லை.

தீர்வு என்னவோ பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒரே வரிதான்: கார்டு செருகிய இடத்தின் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 4.0 என்று கையால் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த வரிக்குப் போய்ச் சேருவது எப்போதும் எளிதாக இருப்பதில்லை. ரைசர் வழியாக 5.0இல் தொடங்க முயன்று தோற்கும் சமயங்களில் திரை கறுப்பாகவே இருக்கும். அப்போது திரையின் கம்பியைப் போர்டின் சொந்த ஹெச்டிஎம்ஐ துளைக்கு மாற்ற வேண்டும். 9800எக்ஸ்3டிக்குள் சிறு கிராஃபிக்ஸ் பகுதி இருப்பது இந்த ஒரு வேலைக்காகவே என்று சொல்லலாம். தனிக் கார்டு இருப்பதைக் கண்டதும் அந்தப் பகுதியைத் தானே அணைத்துவிடும் போர்டுகளும் உண்டு என்பதால், அதை எப்போதும் இயங்கும்படி முன்கூட்டியே அமைத்து வைப்பது நல்லது. பயாஸைப் புதுப்பித்தாலோ, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சிமாஸை அழித்தாலோ இந்த அமைப்பு சொல்லாமல் கொள்ளாமல் 'ஆட்டோ'வுக்குத் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

4.0இல் திக்கல் நின்றது. ஆயினும் கணினி நன்றாகச் சூடேறிய பிறகு மறு அனுப்பல் எண் அவ்வப்போது ஒன்று, இரண்டு என்று ஏறுவதைப் பார்த்து எனக்கு மனம் ஒப்பவில்லை; 4.0 என்று அச்சிட்டு விற்கப்படும் கேபிள் 4.0இல் சுழியம் காட்ட வேண்டும் அல்லவா? கேபிளைப் பிடித்திருந்த கவ்வியைத் தளர்த்தி, மடிப்பை ஒரு விரல் பருமனுக்கு உருண்டையாக விட்ட பிறகே எண் அடங்கியது. வேகம் இரட்டிப்பாகும்போது சமிக்ஞையின் அதிர்வெண்ணும் இரட்டிப்பாகிறது, 4.0இல் 8 கிகாஹெர்ட்ஸ் என்றால் 5.0இல் 16, வழியில் ஏற்படும் இழப்பும் அதற்கேற்பக் கூடுகிறது. பெட்டியை வடிவமைத்தவர்கள் அந்த வளைவுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டிருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும் என்பது என் மனத்தாங்கல்.

4.0க்கும் 5.0க்கும் இடையே இந்தக் கார்டில் விளையாட்டுக்குள் தெரியும் வேறுபாடு மிகச் சிறியது. இங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எனக்கு அது முடியவில்லை. 5.0 ரைசர் ஒன்றைத் தேடி ரோச்சோரிலுள்ள சிம் லிம் ஸ்குவேரின் மேல்மாடிகளில் ஒரு சனிக்கிழமை சுற்றினேன். செயலியும் கார்டும் நினைவகமும் வாங்க இன்னமும் அதுவே வசதியான இடம். விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கடை கேட்டால் பத்து, இருபது வெள்ளி இறங்கிவரும். ஆனால் ரைசர் போன்ற உதிரிகள் என்று வந்தால், நான் கேட்ட கடைகளில் 4.0 கேபிள் மட்டும் இருந்தது, அல்லது "ஆர்டர் எடுக்கிறோம், காத்திருங்கள்" என்றார்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவித்தால் நூறு வெள்ளியைத் தொடுகிறது. 400 வெள்ளிக்குக் குறைந்த பொருள் என்பதால் வரி கிடையாது என்ற பழைய கணக்கும் 2023 ஜனவரியோடு முடிந்துவிட்டது, பதிவு பெற்ற விற்பனையாளர் என்றால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்தே வாங்குவார். பழைய பொருள்களை விற்கும் கேரோசெல் தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் யார் எப்படி மடித்து வைத்திருந்தார்கள் என்று தெரியாத கேபிளை வாங்குவதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன்.

புதிய 5.0 கேபிள் வருவதற்குள், கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் நிரலில் அதன் மின்னழுத்த வளைவைக் குறைத்துப் பார்க்கும் திட்டமும் இருக்கிறது. 900 மில்லிவோல்ட்டை ஒட்டி நிறுத்த முடிந்தால் அறைக்குள் இறங்கும் வெப்பமும், இரவில் ஏர்கானுக்கு ஆகும் மின்கட்டணமும் கொஞ்சம் குறையும். ஆனால் ரைசரும் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் மாறினால், திக்கல் திரும்பும்போது எதைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் போகும். ஆகவே ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று.

ரைசரைப் பொறுத்தவரை நீளத்தைவிடச் செருகியின் முகம் பார்க்கும் திசைதான் முக்கியம். ஒரே நீளத்தில் நேர்முகம், எதிர்முகம் என்று இரண்டு வகை விற்கிறார்கள். சாண்ட்விச் பெட்டிக்குள் தவறான முகம் கொண்டது நுழையவே நுழையாது. பழைய கேபிளை இரு பக்கமும் படமெடுத்து, அளவுகளையும் குறித்து விற்பனையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.