பைனாகுலர் தேடல்: 8×42-ல் வந்து நிற்கிறேன்

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையோரம் நின்று, நண்பர்கள் வைத்திருந்த பைனாகுலர்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கையில் பிடித்துப் பார்க்க எனக்கு 8 மடங்கு போதும். (8×42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர்.) 10×50-ல் பறவை பெரிதாகத் தெரிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிறது. பச்சைக்காலி, சிறு பச்சைக்காலி என்ற இரண்டு நீர்க்கரைப் பறவைகளைப் பிரித்தறிய அலகைப் பார்க்க வேண்டும். முன்னதற்குச் சற்றுத் தடித்து லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், பின்னதற்கு ஊசி போல நேராக இருக்கும். ஆடுகிற படத்தில் அந்த வளைவு தெரியவில்லை. 8×42-ல் பறவை சிறிதானாலும் அலகு தெளிவாக நின்றது.

இன்னொரு கணக்கும் உண்டு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர் அகலம். சட்டைப்பையில் அடங்கும் 10×25-ல் இது வெறும் 2.5. நல்ல வெயிலில் வித்தியாசம் தெரியாது. அந்தி சாயும்போதுதான் சின்னது இருட்டடிக்கிறது. நமக்கோ பறவைகள் கூடு திரும்பும் அந்த நேரம்தான் வேண்டும்.

கடையில் செய்து பார்த்த சோதனை எளிது. பைனாகுலரைக் கை நீட்டி வெளிச்சமான சுவர்ப்பக்கம் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருந்தால் சரி. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்கட்டியான பிரிசம் மலிவானது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முன் கண்ணாடி மாணிக்கச் சிவப்பில் மின்னினால் நான் தொடுவதே இல்லை. சிவப்பு ஒளியை அது திருப்பி அனுப்பிவிடுவதால் படம் பச்சையும் நீலமுமாக வெளுத்துப்போகிறது. பவளக்காலிப் பறவைக்கு அந்தச் சிவப்புக் காலை விட்டால் வேறு என்ன அழகு! ‘10-30’ என்று ஜூம் போட்ட மாடல்களையும் கடைக்காரர் காட்டினார். குறுகலான பார்வை, மங்கலான படம். வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ஐ ரிலீஃப் அளவைக் (முழுப் படமும் தெரியக் கண் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம் என்பதை) கேட்காமல் வாங்காதீர்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் படத்தின் ஓரம் கறுத்துவிடுகிறது. நான் எடுத்ததில் 17. ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே தள்ளிவிட்டால் முழுப் படமும் கிடைக்கிறது.

வாங்கி வந்ததும் டயாப்டரை, அதாவது இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டும் அமைப்பை, சரிசெய்தேன். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை இடக்கண்ணுக்குத் தெளிவாகும் வரை நடுச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அப்புறம் இடப்பக்கத்தை மூடிக்கொண்டு வலக்கண் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். அவ்வளவுதான், அதன் பிறகு நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் வெளிக்கண்ணாடியில் பனி படிகிறது. உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பது உட்பக்கம் பனி படியாமல் இருக்கத்தான்; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பையிலேயே கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் படிவதில்லை. அடுத்து, கழுத்தை அறுக்கிற இந்த வாரை மாற்றிவிட்டுத் தோளில் மாட்டும் வார் ஒன்று பார்க்க வேண்டும்.